நாமக்கல் ராணியின் முறை

ஜூன் 5, திங்கள்

கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்கலாம். அதற்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது. டாக்டரம்மா இதைச் சொல்லும்போது ரொம்ப இனிமையாகச் சிரித்தார். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாகிவிட்டது. குழந்தை உள்ளே சௌக்கியமாக இருக்கிறது. அது வெளியே வர அவசரப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி என் வேலையாம். "போன தடவை மாதிரி..." என்று ஆரம்பித்தார். சுவரில் தொங்கிய காலண்டர் எந்த நகைக்கடையுடையது என்று நான் படிக்கத் தொடங்கினேன். அவரும் பேச்சை விட்டுவிட்டு மாத்திரை எழுதினார்.

பூபதி நாளை குஜராத்துக்குப் போயாக வேண்டும். காற்றாலை நிறுவுகிற வேலை, பாதியில் நிற்கிறது. போகமாட்டேன் என்று மூன்று முறை சொன்னான், மூன்று முறையும் நான் போ என்றேன். அம்மாவால் பாளையங்கோட்டையை விட்டு வர முடியாது. அப்பாவுக்கு இப்போதுதான் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது.

"அக்காவை வரச் சொல்லியிருக்கேன்" என்றான் பூபதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவனுடைய அக்கா கலாமணி நாமக்கல்லில் லாரிகள் வைத்து நடத்துகிறவர். அவர் கணவர் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள, லாரிகளும் ஓட்டுநர்களும் முழுக்க இவர் ராஜ்யம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் நமக்கு எதற்கு என்று எங்கள் கல்யாணத்தை எதிர்த்தவர். கல்யாணத்துக்கு வந்தார். ஆனால் ஆல்பத்தில் ஒரு படத்திலும் சிரித்திருக்க மாட்டார்.

என்னைச் சமாதானப்படுத்த பூபதி என் லேப்டாப்பில் இரண்டு பழைய விளையாட்டுகளை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அண்ணனின் கம்ப்யூட்டரில் விளையாடியவை. ஒன்று கிரேஹாலோ, இன்னொன்று மார்ச்லேண்ட். எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறான்.

ஜூன் 7, புதன்

கிரேஹாலோவில் நான்கு பேரை நாமே தேர்ந்தெடுத்து, பாழடைந்த கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் நினைவில் அது மாபெரும் உலகம். திறந்து பார்த்தால் மனிதர்கள் கட்டைவிரல் நகம் அளவுதான். கண்ணுக்கு ஒரு புள்ளி, மூக்கே கிடையாது. இசையைக் கேட்டால் பழைய கைபேசி அடிக்கிற மாதிரி இருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். எனக்கு விளையாடவே தெரியவில்லை! என் பிழைப்பே கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதுதான். ஆள் எங்கே தொட வேண்டுமோ அங்கே பொத்தான் மினுங்கும். தப்பான இடத்தில் தொட்டால் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். இப்போது வருகிற விளையாட்டுகளும் அப்படித்தான், தலைக்கு மேல் ஒரு மஞ்சள் அம்பு வந்து வழிகாட்டும். இங்கே ஒரு தாடிக்காரன், "எரிந்த மாவுமில்லுக்குக் கிழக்கே போ" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் அம்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், "இன்று நல்ல வெயில்" என்கிறான்.

கோட்டை வாசலில் எலிகள் என் நான்கு பேரையும் கொன்றுவிட்டன. நான் சேவ் செய்யவில்லை. தானாகவே ஆகிவிடும் என்று பழகிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 8, வியாழன்

வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய பை, தோளில் ஒரு பை, காதில் கைபேசி.

"ஏம்ப்பா, கிருஷ்ணகிரி தாண்டீட்டயா? தாண்டீட்டேன்னா டீ ஆத்தற சத்தம் எங்கிருந்து கேக்குது?"

பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "வாங்க மதினி" என்றேன்.

"மதினியா?"

"எங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவோம்."

"என்னமோ கூப்புடு. சாப்புட்டயா?"

"சாப்பிட்டேன்."

"என்னத்தை?"

"பிரெட்."

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள்தான் பதில் சொல்லின.

மாலையில் அறைக்குள் வந்தவர், வயிற்றின் மேல் நான் வைத்திருந்த லேப்டாப்பை எடுத்துத் தலையணை மேல் வைத்தார். "சூட்டை வவுத்து மேல வெக்காத." அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

ஜூன் 11, ஞாயிறு

மறுபடி தாடிக்காரனிடமிருந்தே தொடங்கி, எலிகளைக் கடந்துவிட்டேன். அதற்குப் பின்னால் வௌவால்கள் இருந்தன.

ஜூன் 14, புதன்

காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு லாரி ஓட்டுநர் தலையில் மேசையோடு நின்றார். ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் குறுக்கே நிறுத்துவார்களே, அந்த மாதிரி மேசை. பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிப் போகிற வண்டியில், முட்டைகளுக்கு மேலே கட்டி நாமக்கல்லிலிருந்து வந்திருக்கிறது.

"ரொம்ப தேங்க்ஸ் மதினி" என்றேன்.

"உனக்கு ஆரு கொண்டாரச் சொன்னா? வவுத்துக்குள்ள இருக்கறதுக்கு."

மேசை சரியான உயரம். நான் பார்க்காதபோது என் கட்டிலை அளந்திருக்கிறார்.

ஜூன் 20, செவ்வாய்

கிரேஹாலோவில் மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளில் வரைபடம் போட்டேன். பள்ளி நாட்களில் அண்ணனோடு சண்டை போட்டு வரைந்த மாதிரியே, இடது பக்கம் இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினேன். ஆனாலும் கோட்டையின் இரண்டாவது வாசல் எங்கே என்று பிடிபடவில்லை. இணையத்தில் தேடினால் விடை உடனே கிடைத்துவிடும். தேடப் போனேன்.

"எரிஞ்சுபோன மில்லுக்குக் கெழக்கேன்னு அந்தத் தாடிக்காரன் சொன்னானல்ல?"

திரும்பிப் பார்த்தேன். மதினி நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் ஏதோ ரசீது பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கிழக்கேதான் போய்ப் பாத்துட்டேனே மதினி."

"நீ போனது மாவுமில்லு. கூரை இருக்குது. எரிஞ்ச மில்லு ஆத்துக்கு அக்கட்டால கெடக்குது, கருப்பா."

போய்ப் பார்த்தேன். இருந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். அவர் பதறிப்போய், "வலிக்குதா?" என்று எழுந்தே விட்டார். இல்லை என்றதும் முகத்தை மாற்றிக்கொண்டு, "அடுப்புல பருப்பு இருக்குது" என்று போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்கு இங்கிருந்தே தெரியும்.

ஜூன் 27, செவ்வாய்

கிரேஹாலோ முடிந்தது! கடைசி அரக்கன் என் நால்வரில் இருவரைக் கொன்றுவிட்டான். முடித்ததும் 'நன்றி' என்று ஒரே ஒரு வரி வந்தது. இந்தக் காலத்தில் என்றால் வாண வேடிக்கையும் பதக்கமும் கொடுத்து, நண்பர்களிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள். நான் பூபதிக்கு மட்டும் சொன்னேன். அவன் காற்றாலை உச்சியிலிருந்து இறங்கி வந்து கை தட்டினான். பின்னால் காற்று கத்தியது.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து நல்லது என்றார். நல்லது என்றால் எவ்வளவு நல்லது என்று நான் கேட்கவில்லை. மதினி கேட்டார், ஐந்து விதமாக.

சாயங்காலம் மார்ச்லேண்டைத் தொடங்கினேன். இது வேறு ரகம். ஒரு வரைபடம், அதில் சில ராஜ்யங்கள். ஊர் கட்டலாம், படை திரட்டலாம், சண்டை போடலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பருவம் கழியும். வடக்கே சிவப்பு அரசன் இருக்கிறான், அவனைக் கம்ப்யூட்டரே ஆட்டும். நான் நீலம். என் தலைநகருக்குப் பாளையங்கோட்டை என்று பெயர் வைத்தேன். பெரிய படையைத் திரட்டி மலைக்கு அனுப்பினேன். போகிற வழியிலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள்.

"சண்டையே இன்னும் வரலையே, எப்படிச் செத்தாங்க?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

"சோறு அனுப்புனயா?" என்றார் மதினி.

"சோறா?"

"அத்தனை பேரை மலைக்கு ஏத்தீட்டு, பின்னாலயே சோத்து வண்டி அனுப்பாம விட்டா? என்ற டிரைவர்னா பாதி வழியில வண்டியை நிறுத்தீட்டுப் போயிருப்பான்."

இருபது வருடங்களுக்கு முன்னால் விளையாடியபோதும் அவர்கள் இப்படித்தான் செத்தார்கள். மலையில் ஏதோ சாபம் என்று அண்ணன் சொன்னான். நான் நம்பினேன்.

ஜூன் 29, வியாழன்

"இதுல ரெண்டு பேரு ஆடலாமா?" என்று காலையில் காபி கொடுத்துக்கொண்டே கேட்டார். ஒரே லேப்டாப்பில் மாறி மாறி ஆடலாம் என்றேன். "உனக்குப் பொழுது போகோணுமேன்னு கேட்டேன்" என்றார்.

அவர் பச்சை. தலைநகர் நாமக்கல். அடுத்த ஊர் ராசிபுரம், அதற்கடுத்து பரமத்தி. மவுஸைப் பிடிக்கத் தெரியாதவர் மாதிரி தொடங்கி, மதியத்துக்குள் என்னைவிட வேகமாகத் தட்டினார்.

ஜூலை 4, செவ்வாய்

நாமக்கல் ராணி சண்டைக்கே வருவதில்லை. சாலை போடுகிறார். களஞ்சியம் கட்டுகிறார். மறுபடி சாலை போடுகிறார். நான் இரண்டு முறை வாள்வீரர்களைக் காட்டிப் பயமுறுத்தினேன். "நில்லு, ராசிபுரம் ரோட்டை முடிச்சுக்கறேன்" என்கிறார்.

ஜூலை 9, ஞாயிறு

இன்று நான் நடந்துகொண்டது சரியில்லை. எழுதிவைக்கிறேன்.

என் படை முழுவதையும் சிவப்பு அரசன் மேல் வடக்கே அனுப்பியிருந்தேன், சோற்று வண்டிகளோடு. அதே நேரத்தில் மதினி தன் புதிய சாலை வழியாக ஒரு சின்னப் படையை அனுப்பி, காவலே இல்லாத என் இரண்டாவது ஊரான கள்ளிடைக்குறிச்சியைப் பிடித்துவிட்டார்.

"இருங்க மதினி, லோடு போட்டுக்கிடுதேன். போன பருவத்துல சேவ் பண்ணியிருக்கேன்."

"அதென்னது?"

"அந்த இடத்துக்கே திரும்பப் போயிரலாம். மறுபடியும் ஆடலாம்."

"அப்ப நான் புடிச்சது?"

"பிடிக்காத மாதிரி ஆயிரும்."

"அதெப்படி? ஆடுனது ஆடுனதுதான்."

எல்லோரும் இப்படித்தான் விளையாடுகிறார்கள் என்றேன். அதற்குத்தான் அந்த வசதியே இருக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"எங்க தப்புப் பண்ணேன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாதா? ஒரே ஒரு தடவை சரியா செஞ்சு பாக்கக் கூடாதா? என்ன சொல்லுதீங்க நீங்க?"

கடைசியில் கள்ளிடைக்குறிச்சிக்காக அழுதேன். முப்பத்திரண்டு வயதில், நகத்தளவு இருக்கும் ஓர் ஊருக்காக!

மதினி எழுந்து போனார். மோர் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இதுவரை அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"நீ ஒரு தப்பும் பண்ணலை, அம்மணி."

"ஊரைக் காவல் இல்லாம விட்டேனே."

"நான் ஊரைச் சொல்லலை."

நான் மோரைக் குடித்தேன்.

"போன வருசம் கொழந்தை தங்காமப் போனப்ப நான் வந்திருக்கோணும். காரை எடுத்துட்டு அவிநாசி வரைக்கும் வந்துட்டேன். கண்ணாலத்துக்கு வேண்டாம்னு சொன்னவ, அழுகறதுக்கு மட்டும் வர்றாளான்னு நெனச்சுக்குவியோன்னு திருப்பீட்டுப் போயிட்டேன்."

"மோர்ல உப்பு கூடிப் போச்சு மதினி" என்றேன். வாங்கி ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

லோடு போடவில்லை. கள்ளிடைக்குறிச்சி இப்போது பச்சை.

ஜூலை 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை இட்லி சாப்பிடும்போது இடுப்பு வலித்தது. விட்டு விட்டு வந்தது. மதினி என் முகத்தைப் பார்த்தார், அடுப்பை அணைத்தார், கார் சாவியை எடுத்தார். சிங்காநல்லூர் சிக்னலிலிருந்து ஆஸ்பத்திரி வரை சாலையில் போன ஒவ்வொருவரையும் தன் ஓட்டுநர் மாதிரியே திட்டிக்கொண்டு வந்தார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காத, அது குலுங்கும்" என்று என்னையும் திட்டினார்.

குழந்தையின் நுரையீரலுக்கு என்று ஊசி போட்டார்கள். மருந்தில் வலி அடங்கிவிட்டது. தையல் அப்படியே இருக்கிறது. நான் பயப்படவில்லை.

மதினியும் பயப்படவில்லை என்றார். வராந்தாவில் நின்று ஓட்டுநரோடு பேசியது எனக்குக் கேட்டது. பாலக்காட்டுக்குப் போக வேண்டிய முட்டையை ஓசூருக்குப் போகச் சொன்னார். சாயங்காலம்தான் அவருக்கே தெரிந்தது. இவ்வளவு வருடத்தில் இப்படி நடந்ததில்லையாம்.

ஜூலை 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். நாங்கள் இல்லாத நேரத்தில் சிவப்பு அரசன் எதுவும் செய்யவில்லை. இந்தப் பழைய விளையாட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம் இது. இப்போதைய கைபேசி விளையாட்டு என்றால் 'உன் கோட்டை எரிகிறது, உடனே வா' என்று ஆஸ்பத்திரிக்கே செய்தி அனுப்பியிருக்கும். மார்ச்லேண்ட் எங்கே விட்டோமோ அங்கேயே பேசாமல் காத்திருந்தது.

ஆனால் நாங்கள் தொடங்கியதும் அவன் பெரும்படையோடு இறங்கிவிட்டான். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே உடன்படிக்கை ஆயிற்று. அவர் சோறு, நான் சண்டை.

"அப்படின்னா கள்ளிடைக்குறிச்சியைத் திருப்பிக் குடுங்க மதினி."

"அது வேற. இது வேற."

ஆகஸ்ட் 12, சனி

பூபதி இரண்டு நாள் விடுப்பில் வந்தான். கதவைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் குரல், "அம்மணி, பரமத்தி கணவாயில ஆள் பத்தாது, உன்ற குதிரையை அனுப்பு!" அப்படியே கொஞ்ச நேரம் வாசலில் நின்றானாம்.

தானும் ஆடுகிறேன் என்றான். மஞ்சள் ராஜ்யம் கொடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மஞ்சள் ராஜ்யம் இல்லாமல் போயிற்று. மேற்கே நான், கிழக்கே அவன் அக்கா.

"ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றான் தட்டில் கையை வைத்துக்கொண்டு.

"இப்பவும் எங்க பேசிக்கறோம்? வெளையாட்டு வெளையாடறோம்" என்றார் மதினி. நான் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

குழந்தை உதைத்ததில் மேசையிலிருந்து மவுஸ் விழுந்தது. மதினி அதை நாமக்கல்லுக்கு எதிரான சதி என்கிறார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பால்கனி வரை நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நடந்தேன். கால் யாருடையதோ போல இருந்தது. எதிர்வீட்டில் புதிதாகச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். இனி எப்போது வலி வந்தாலும் பரவாயில்லையாம். அடுத்த வாரம் தையலைப் பிரிப்பதாகப் பேச்சு.

அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிறார். குழந்தை பிறந்ததும் அம்மா வந்துவிடுவாள். சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். இதை மதினியிடம் சொன்னேன்.

"அப்பச் சரி. நான் கொழந்தை மூஞ்சியைப் பாத்துட்டுக் கெளம்பறேன். ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிக்கெல்லாம் எஃப்சி எடுக்கோணும். நான் இல்லாம அங்க அவனவன் இஷ்டத்துக்கு ஓட்டீட்டிருக்கறான்."

"சரி மதினி" என்றேன். சரிதானே. அவருக்கும் வீடு, வேலை எல்லாம் இருக்கிறது.

இன்று என் குதிரைப்படையை ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறக்கிப் பாதியை இழந்தேன். கால் வீக்கத்தால் கவனம் சிதறிவிட்டது.

ஆகஸ்ட் 31, வியாழன்

சிவப்பு அரசன் கடைசி முயற்சியாக எல்லாப் படையையும் திரட்டிவிட்டான். பாளையங்கோட்டைக்கு வருவானா நாமக்கல்லுக்கு வருவானா என்று தெரியவில்லை. பால்கனி வரை நான்கு தடவை நடந்தேன். மதினி கூடவே நடந்தார், பின்னால் கையை விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவர் மாதிரி.

செப்டம்பர் 3, ஞாயிறு

பாளையங்கோட்டைக்குத்தான் வந்திருக்கிறான். மூன்று பக்கமும் சிவப்பு. என் முறையை ஆடி முடித்தேன். இருக்கிறவர்களை மதில் மேல் ஏற்றினேன். வேறு வழியில்லை. இனி மதினியின் முறை. அவர் சட்னி தாளித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இடுப்பு

செப்டம்பர் 6, புதன்

பெண்!

ஞாயிறு மதியம் பிறந்தாள். கொஞ்சம் சின்னவள். ஆனால் தானாகவே மூச்சு விட்டாள், தானாகவே அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "ரொம்ப நாள் உள்ள வெச்சிருந்ததுக்குத் திட்டுறா" என்றார். முகத்தோடு முகம் வைத்தார்கள். ஈரமாக இருந்தாள், சூடாக இருந்தாள், என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தாள்.

பூபதி அடுத்த நாள் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து குழந்தையின் கால் விரல்களையே எண்ணிக்கொண்டிருக்கிறான்.

மதினி முந்தானையில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். "காது நம்ம பூபதி காது" என்றார். பிறகு கைபேசியில் ஒவ்வொரு ஓட்டுநரையும் அழைத்து, வண்டியை ஓரம் கட்டி நிறுத்தச் சொல்லி, சேதி சொன்னார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மாவும் வந்துவிட்டாள். சமையலறையில் சாம்பாருக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்று இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மதினியின் பைகள் கூடத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புவதாகத் திட்டம்.

குழந்தை தூங்கியதும் லேப்டாப்பைத் திறந்தேன். கிளம்புவதற்குள் ஒரு பருவமாவது ஆடலாம் என்றுதான். திரையில் என் முறை என்று காட்டியது. எனக்குப் புரியவில்லை. நான் விட்டுப் போனபோது மதினியின் முறை.

"மதினி, நீங்க ஆடினீங்களா?"

"உன்னை உள்ள கூட்டீட்டுப் போனாங்கள்ல? வெளிய உக்காந்திருக்க முடியலை. உன்ற துணிப் பையில இதையும் போட்டுத்தான் எடுத்துட்டு வந்திருந்தேன். என்னமோ தட்டீட்டு இருந்தேன்."

வரைபடத்தைப் பார்த்தேன். பாளையங்கோட்டையைச் சுற்றிச் சிவப்பு ஒரு துளிகூட இல்லை. மதில் ஓரம் முழுக்கப் பச்சை. ராசிபுரத்துப் படை, பரமத்திப் படை, கள்ளிடைக்குறிச்சிக் காவல், எல்லாம் அவர் போட்ட சாலைகளில் வந்து என் ஊரைச் சுற்றி நின்றிருந்தன. சோற்று வண்டிகளும் நின்றிருந்தன. தோற்ற சிவப்பு அரசனின் மிச்சப் படை கிழக்கே திரும்பியிருந்தது. அங்கே ஒரு காவல்காரன்கூட இல்லாமல் விட்டிருந்த நாமக்கல்லில் இப்போது சிவப்புக் கொடி பறக்கிறது.

"மதினி! நாமக்கல் போயிருச்சே!"

"போச்சு."

"ஒரு படையையாவது அங்க வெச்சிருக்கலாமே? இத்தனை நாளாக் கட்டின ஊரு."

"அன்னைக்கு எனக்கு அதெல்லாம் தோணலை அம்மணி. பாளையங்கோட்டைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு."

அவர் ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. தூக்கம் போதவில்லை.

"பழைய சேவ் இருக்கு மதினி. ஒரு பருவம் பின்னால போனா நாமக்கல்லைக் காப்பாத்திரலாம்."

"ஒண்ணும் வேண்டாம். ஆடுனது ஆடுனதுதான்."

குழந்தை சிணுங்கியது. என்னைவிட வேகமாக மதினி தொட்டிலுக்குப் போய், அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினார். அதற்குள் அம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி சத்தம்? நாமக்கல்லுக்கு என்னவாம்?"

"என்ற ஊரைப் பகைக்காரன் புடிச்சுக்கிட்டானுங்க" என்றார் மதினி, ரொம்பக் கவலையாக. "உங்க பொண்ணுதான் மீட்டுக் குடுக்கோணும்."

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்றான் பூபதி, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. அக்காவைக் கொண்டுபோய் விடுவதற்காக அவன் தயாராக நின்றிருந்தான்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். மலை, கணவாய், ஆறு. சாலைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. நிஜத்தில் இரண்டே பருவத்தில் முடித்துவிடலாம்.

"ரொம்ப நாள் ஆகும்" என்றேன். "இந்த மாசம் முடியுறது கஷ்டம்."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு பூபதியிடம் சொன்னார்:

"சாவியை உள்ள வெய்யி. தலைநகரமே இல்லாதவ எங்க போறது?"